மாரியில் நத்தார், கோடையில் மடு

டிசம்பர் பிறந்ததும் கொழும்புக் கடைத்தெருக்களில் 'கிறிஸ்மஸ்' என்ற சொல் பெரிய எழுத்திலே தொங்கத் தொடங்கிவிடும். மன்னார்க் கிராமங்களிலோ நம் பெரியவர்கள் வாயில் புழங்கிவந்த சொல் 'நத்தார்' என்பதாகும். பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் பாணும் வந்த வழியாலேயே இச்சொல்லும் தமிழுக்கு வந்தது. நான் குடியிருக்கும் கிராண்ட்பாஸ் என்ற இடத்தின் பெயரும் அவ்வழி வந்ததே. களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்பது அதன் பொருள். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இப்பண்டிகையின் மேல் ஈடுபாடு பிறந்ததும் இச்சொல்லாராய்ச்சியினாலேதான். சொல் போர்த்துக்கேயருடையது, ஆனால் அதைக் கொண்டாடும் முறை அவர்களுடையதன்று. அது எவ்வாறு உருவாயிற்று என்பதையே இன்று நோக்கப் போகிறோம்.

மன்னாரிலே கத்தோலிக்கம் வேரூன்றியது பதினாறாம் நூற்றாண்டில். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையினால் கொல்லப்பட்டனர். 1560இல் மன்னார் போர்த்துக்கேயர் கைக்கு வந்தது. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டு காலம் கோயில் மணியோசையோடு நத்தார் நடந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதும் குற்றமாயிற்று.

குருவும் இல்லை, கோயிலும் இல்லை என்ற நிலையில் திருநாள் என்ன ஆகும்? அது வீட்டுக்குள் புகுந்துகொண்டது. கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். அக்காலத்தில் ஒரு நத்தார் இரவில், வீடுகளிலே பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பிடித்துச் சென்றனர். கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, சுற்றம் மட்டும் கூடியிருந்து கொண்டாடிய ஒரு திருநாளை எண்ணிப் பாருங்கள். 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கருக்கு உரிமைகளை மீள வழங்கும்வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், இம்மக்களின் சமயத்தைக் காத்தவை வீடுகளே. நத்தார் இன்றும் முதலாவதாகக் குடும்பத்தின் திருநாளாக இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இனி, இன்னொரு காரணம் உண்டு. அது வானம். மன்னார்ப் பகுதிக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. நத்தார் வரும் வேளையிலே கட்டுக்கரைக்குளம் நிறைந்திருக்கும். அருவியாறு பெருகி ஓடும். வயலிலே காலபோக நெல் நிற்கும். வண்டி பூட்டித் தூர இடம் போகும் காலமா அது? ஆகவே வீட்டு முற்றத்திலோ விறாந்தையிலோ வைக்கோலால் பாலன் குடில் அமைப்பதும், அரிசிமாப் பலகாரம் சுடுவதும், அயலூர்க் கோயிலிலே நள்ளிரவுப் பூசை கண்டு திரும்புவதும், சைவ, முஸ்லிம் வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவதுமாக நத்தார் அமைந்தது.

குடும்பத்தோடு பயணம் போக வேண்டுமாயின், நெல் அறுத்து, வழி காய்ந்து, கோடை வரவேண்டும். அந்தக் கோடைப் பயணமே மடு யாத்திரையாகும். இதுவும் ஒல்லாந்தர் கால அச்சத்திலே பிறந்ததுதான். மாந்தையில் இருந்த மாதா சுருவத்தைக் காக்கும் பொருட்டு, 1670இல் 20 குடும்பங்கள் அதனைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்று, ஈற்றில் மருதமடுவில் நிலைகொண்டன என்பது வழிவழி வந்த செய்தி. 1872இல் ஆயர் பொஞ்ஜீன் ஆண்டகை அங்கே புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி மாதாவுக்கு முடிசூட்டப்பட்டது. யூலை 2, ஆகஸ்ட் 15 ஆகியவை பெருவிழா நாட்கள்.

வங்காலைப் பக்கத்தைச் சேர்ந்த என் அயல்வீட்டு மூதாட்டி அந்தப் பயணத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அரிசி, தேங்காய், பாய், சட்டிபானை, லாம்பு எல்லாம் வண்டியிலே ஏறும். காட்டு மரங்களின் கீழே கொட்டில் போட்டு, ஒன்பது நாளும் தங்கிச் சமைத்து உண்பார்கள். அந்நாளைய பெண்கள் பலருக்கு ஆண்டு முழுவதிலும் கிடைத்த ஒரேயொரு வெளியூர்ப் பயணம் அதுவே என்றார் அவர். திரும்பும்போது மடு மண் கொண்டுவருவார்கள். பாம்புக்கடிக்கு அது மருந்து என்பது மக்கள் நம்பிக்கை. சிலாபம், நீர்கொழும்புச் சிங்களக் குடும்பங்களின் கொட்டில் ஒருபுறம், யாழ்ப்பாணத்தவர் கொட்டில் மறுபுறம். இடையிலே நேர்த்திக்கடன் கழிக்க வந்த சைவர்கள். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், கொழும்புக் குடும்பங்களும் மடு வீதி நிலையத்திலே இறங்கலாயின.

மாரியையும் கோடையையும் இணைத்தது நாட்டுக்கூத்து. வடபாங்கு, தென்பாங்கு என இரு பாங்குகளிலே கூத்தை வளர்த்தவர்கள் மன்னார் மக்கள். பாலனைத் தேடி வந்த ஞானிகளின் கதையை 'மூவிராசர் வாசாப்பு' எனத் தமிழ்ப் பாட்டிலே அமைத்தார்கள். மத்தேயு சில வரிகளில் சொன்ன கதை இங்கே அரச கொலுவும் தருக்கமும் கொண்ட இரவுக் கூத்தாக விரிந்தது. தமிழ் இலக்கிய மாணவர் கம்பனை மட்டுமன்றி இதனையும் கற்க வேண்டும்.

இப்பயணம் நம் கண்முன்னேதான் அறுந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் புகையிரதம் நின்றது. விழாக் கொட்டில்கள் இருந்த மடுவிலே அகதிக் கொட்டில்கள் எழுந்தன. 1999 நவம்பர் 20ஆம் திகதி, கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மாதா சுருவமே தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது. அன்று ஒல்லாந்தருக்கு அஞ்சிச் சுமந்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மறுபடியும் சுமந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சுருவம் திரும்பியது. 2013இல் மடு வீதிக்குப் புகையிரதமும் திரும்பியது. 2015 ஜனவரி 14இல் யோசேவாஸ் அடிகளாரைக் காலிமுகத்திடலிலே புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் சென்றார்.

வழி திறந்துவிட்டது, ஆனால் அந்த ஒன்பது நாள் வாழ்க்கை முன்போலத் திரும்பவில்லை. காலையில் வாகனத்தில் சென்று மாலையில் திரும்பும் குடும்பங்கள் பெருகிவிட்டன. பக்கத்துக் கொட்டிலில் உப்புக் கேட்டும் ஒரே கிணற்றில் நீர் அள்ளியும் வேற்றுமொழிக் குடும்பத்தோடு உறவாட ஒரு பகற்பொழுது போதுமா? சிங்களவரும் தமிழரும் குடும்பமாய் அருகருகே தங்கிப் பழகிய இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றை நாம் இழந்துவருகிறோம் என்பதே என் கவலை.

வண்டியிலே மடுவுக்குப் போனவர்கள், வாசாப்பிலே ராசா வேடம் கட்டியவர்கள், கூத்துக் கொப்பிகளைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த நத்தாருக்கு வீட்டிலே கூடும் இளையோர், பலகாரம் உண்டு முடித்தபின் ஒரு மணி நேரம் அவர்கள் அருகில் இருந்து கேட்டு எழுதி வைப்பார்களாக. ஒளித்து வைத்துக் காத்த ஒரு திருநாளின் வரலாறு, எழுதி வைக்க ஆளில்லாமல் அழிந்துபோகலாகாது.