இன்சுலினும் இளஞ்சிறார் மூளையும்

மதுமேகம் என்னும் பெயரால் நீரிழிவு நோயைச் சரகரும் சுசுருதரும் பண்டே அறிந்திருந்தனர். எனினும், நோயை அறிதல் வேறு. அதனை அடக்கி ஆளுதல் வேறு. இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிகளை ஒழுங்குபடுத்த, மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டில் எழுந்தது. அக்காலத்தில் இந்நோய் வாய்ப்பட்ட சிறுவன் இறக்குவானையின் இறப்பர்த் தோட்டத்திற் பிறந்தவனாயினும், இலண்டன் மாநகரிற் பிறந்தவனாயினும், அவன் முடிவு ஒன்றே.

இந்நிலையை மாற்றியது கனடா தேசத்து ரொறன்ரோ நகரம். பன்ரிங், பெஸ்ற், மக்ளியட், கொலிப் ஆகியோரின் முயற்சியால் வெளிப்பட்ட இன்சுலின், 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது. அவன் பிழைத்தான். ஆயின், உயிர் காத்த அம்மருந்தே அளவு மிஞ்சின் உயிருக்கு ஊறு செய்யும் என்பதும் உடன் புலனாயிற்று. மருந்தேற்றப்பட்ட முயல்கள் வலிப்புற்று வீழ்ந்ததையும், குளுக்கோசு கொடுத்ததும் அவை எழுந்ததையும் கொலிப் கண்டார்.

இதன் காரணம் யாது? மூளை தனக்கு வேண்டிய குளுக்கோசைப் பெரிதும் சேமித்து வைப்பதில்லை. கணந்தோறும் குருதியிலிருந்தே பெறுகின்றது. ஐந்து வயதளவில், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் பெரும்பங்கை மூளையே கொள்கின்றது. 100 மில்லிலீற்றர் குருதியில் குளுக்கோசு 70 மில்லிகிராமிலும் குறையுமாயின் எச்சரிக்கை வேண்டும். வியர்வை, நடுக்கம், பசி என்பன முதலிற் றோன்றும். மேலும் குறையின் தடுமாற்றமும், வலிப்பும், மயக்கமும் தொடரும். சின்னஞ்சிறு வயதில் இக்கடுந்தாழ்வு பலகால் நேரின், நினைவாற்றலும் கல்வியும் ஊறுபடக்கூடும்.

சபரகமுவைத் தோட்டங்களில் இவ்வுண்மை தனிப்பொருள் பெறுகின்றது. விடியலிற் பால்வெட்டச் செல்லும் தாய், இன்சுலின் ஏற்றிய பிள்ளை உரிய வேளையில் உண்டதா என்பதை உடனிருந்து காண்பதரிது. பிள்ளைக் காம்பராவில் அது சோர்ந்து கிடப்பின் தூக்கமென்றும், பள்ளியிற் பிதற்றின் குறும்பென்றும் கருதப்படலாம். அவ்வேளையில் வேண்டுவது சீனி கரைத்த தேநீர் ஒரு கோப்பையே; நினைவிழந்த பிள்ளைக்கோ வாயால் எதுவும் ஊட்டாது, வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

ரொறன்ரோவிற் கண்டறிந்த மருந்து தோட்டத்தை வந்தடைந்தது. அதனோடு கண்டறிந்த எச்சரிக்கையும் லயன் வாசல் வரை சென்று சேர்ந்தாலன்றி, அவ்வரலாறு முற்றுப்பெற்றதாகாது.