பஸ்ரா குயவர்களின் வெள்ளைப் பூச்சு: மஜோலிகா கிளேஸைச் சீராகப் பூசுவது எப்படி?

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் விருந்து என்றால் சஹன் வரும். வீட்டு அலமாரியில் பாட்டி காலத்துப் பீங்கான் தட்டு இரண்டாவது இருக்கும். ஊறுகாய்க்கு ஜாடி தனி. 'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் சாதாரணக் களிமண் பாத்திரத்தின்மேல் பால்போல் வெள்ளைப் பூச்சு ஏற்றி, அதன்மேல் நீலத்திலும் பச்சையிலும் எழுதும் கலையை உலகுக்குக் கொடுத்தவர்கள் இராக்கின் முஸ்லிம் குயவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்று அதை மஜோலிகா என்ற இத்தாலியப் பெயரில்தான் அறிகிறோம்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாசிய ஆட்சிக்கு உட்பட்ட பஸ்ராவுக்குச் சீனாவிலிருந்து கடல்வழியாக வெள்ளைப் பாத்திரங்கள் வந்து இறங்கின. அவற்றுக்கு ஈடாகச் செய்ய உள்ளூர்க் குயவர்கள் விரும்பினார்கள். சீனரிடம் இருந்த வெண்களிமண் இராக்கில் இல்லை. அந்த அளவு வெப்பம் தரும் சூளையும் இல்லை. அவர்கள் வேறு வழி கண்டார்கள். கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்ஸைடைக் கலந்தார்கள். உருகிய பூச்சுக்குள் அந்தத் துகள்கள் கரையாமல் மிதந்து ஒளியைச் சிதறடித்ததால், உள்ளே இருந்த மண்ணின் நிறம் மறைந்து வெளியே வெள்ளை மட்டும் தெரிந்தது. அந்த வெள்ளையின்மேல் கோபால்ட் நீலத்தில் கொடிகளையும் அரபு எழுத்துகளையும் வரைந்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அக்காலக் கிண்ணம் ஒன்றின் நடுவில் 'மகிழ்ச்சி' என்று பொருள்படும் அரபுச் சொல் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து இந்தக் கலை எகிப்தின் ஃபுஸ்தாத்துக்கும், பிறகு முஸ்லிம் ஸ்பெயினின் மாலகாவுக்கும், வாலென்சியாவின் மனிசஸுக்கும் போனது. ஸ்பெயினிலிருந்து மயோர்க்கா தீவு வழியாகச் சரக்கு வந்ததால் இத்தாலியர் அதை 'மயோலிகா' என்றார்கள் என்பது ஒரு விளக்கம். மாலகாவின் பெயரே திரிந்தது என்பது இன்னொரு விளக்கம். 1550களில் சிப்ரியானோ பிக்கோல்பாஸ்ஸோ என்ற இத்தாலியர் இத்தொழில் குறித்து ஒரு முழு நூல் எழுதினார். அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே, 1301இல், காஷான் நகரின் அபுல் காசிம் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சேர்த்துச் சுட்டுப் பூச்சுத்தூள் செய்யும் முறையைப் பாரசீக மொழியில் எழுதி வைத்துவிட்டார். (விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் மிண்டன் நிறுவனம் 'மஜோலிகா' என்று விற்றது வேறு வகை. அது புடைப்பு உருவங்கள்மேல் பூசிய வண்ணக் கிளேஸ். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

இனி நம் மலைக்கு வருவோம். தமிழகத்தில் கைவினைப் பீங்கான் என்றால் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி நினைவுக்கு வரும். கொடைக்கானலிலும் பாட்டர்ஸ் ஷெட் போன்ற கூடங்கள் உண்டு. இங்கெல்லாம் பெரும்பாலும் செய்யப்படுவது 1,200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேர். மஜோலிகாவுக்கு 1,030 முதல் 1,060 டிகிரி செல்சியஸ் போதும். மானாமதுரையில் கிடைப்பது போன்ற சாதாரணச் செம்மண்ணே போதும். எரிபொருளும் குறைவு. மலையில் சின்னதாக ஒரு மின்சூளை வைத்து வீட்டிலேயே தொழில் செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகும் வழி.

ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. ஸ்டோன்வேர் கிளேஸ் சூளையில் நன்றாக உருகி ஓடும். பூசும்போது விட்ட குறைகளை அதுவே நிரவிக்கொள்ளும். மஜோலிகா ஓடாது. ஓடினால் மேலே வரைந்த கோடு கலைந்துவிடும் என்பதற்காகவே அதைக் கெட்டியாக அமைத்திருக்கிறார்கள். அதனால் பூசும்போது இருந்த வழிசலும் விரல் தடமும் ஊசித்துளையும் சூளையிலிருந்து வெளியே வரும்போதும் அப்படியே இருக்கும்.

முதலில் மண். பாத்திரத்தின் விளிம்பும் மூலையும் கூராக இருந்தால் அங்கே பூச்சு மெலிந்து செம்மண் தெரியும். ஈரமாக இருக்கும்போதே மழுக்கிவிட வேண்டும். பஸ்ராவின் மண்ணிலும் இத்தாலியின் மண்ணிலும் சுண்ணாம்பு அதிகம். அதனால் அங்கே பூச்சும் மண்ணும் சேர்ந்து சுருங்கின. சுண்ணாம்பு குறைந்த மண்ணில் சில நாள் கழித்துப் பூச்சில் வலைபோல் மயிரிழை விரிசல் விழலாம். அதற்கு மண்ணில் மிக நுண்ணிய சுண்ணாம்புக்கல் மாவைச் சேர்ப்பார்கள். கட்டியாக இருந்தால், சுட்ட பிறகு அந்த இடம் பொரிந்து தெறிக்கும்.

பிஸ்க் என்னும் முதல் சுடுதலை 1,040 முதல் 1,060 டிகிரி வரை, மெதுவாக, காற்றோட்டத்தோடு நடத்த வேண்டும். அவசரப்பட்டால் மண்ணில் மிஞ்சிய வாயு இரண்டாம் சுடுதலில் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே ஈரம் முழுவதும் போகும்வரை சூளையை 85 டிகிரிக்குக் கீழேயே நிறுத்தி வையுங்கள். சமவெளிப் புத்தகத்தில் 95 என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாத்திரம் வெடிக்கும்.

மலையில் கிளேஸ் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூடுபனிதான் என்பது என் கருத்து. சுட்ட மண் பஞ்சு போன்றது; பூச்சிலுள்ள தண்ணீரை அது உறிஞ்சுவதால்தான் தூள் மேலே படிகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் திறந்த அலமாரியில் வைத்த பிஸ்க், காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துப் பாதி நிறைந்துவிடும். பிறகு முக்கினால் பூச்சு மெல்லியதாகப் பிடிக்கும், காயாமல் வழியும். முக்குவதற்கு முதல்நாள் பாத்திரங்களைச் சூளையில் 100 டிகிரிக்குச் சூடேற்றி, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போதே முக்கினால் கொப்புளம் வரும். பூசும் முன் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைத்துத் தூசியை எடுங்கள். ஓட்டக் குழாயில் கழுவ வேண்டாம். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பூச்சு சுருண்டு விலகும். சமையல் முடித்த கையோடு இந்த வேலைக்கு உட்காரக் கூடாது.

பூச்சுத்தூளின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு ஈயமில்லாத ஃப்ரிட், அதாவது முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித்தூள். மீதிக்கு ஃபெல்ட்ஸ்பாரும் வெண்களிமண்ணும். இதோடு நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வெள்ளீய ஆக்ஸைடு. வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் பாதியை ஸிர்க்கோனியம் சிலிக்கேட்டால் ஈடு செய்கிறார்கள். அப்படிச் செய்தால் வெள்ளை கொஞ்சம் கடினமாகத் தெரியும். முழு வெள்ளீயத்தின் இதமான வெண்மை வராது.

கரைசலைக் கண்ணளவில் நம்பாமல் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 100 மில்லி கரைசல் 145 முதல் 155 கிராம் வரை இருக்கட்டும். 80 கண் சல்லடையில் இருமுறை வடிகட்டுங்கள். தூள் அடியில் இறுகினால் எப்சம் உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சில சொட்டு விட்டால் கரைசல் தயிர்ப்பதத்துக்கு வந்து மிதக்கும். தூள் உதிராமல் தூரிகையைத் தாங்க சி.எம்.சி. பசை அரை சதவீதம் போதும். அது கொடைக்கானல் குளிர்நீரில் எளிதில் கரையாது. வெந்நீரில் தூவி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பசை அதிகமானால் காய நேரமாகி வழிசல் விழும்.

பாத்திரத்தின் அடிவட்டத்துக்கு மெழுகு தடவிவிட்டு, இடுக்கியால் பிடித்து, ஒரே சீராக உள்ளே இறக்கி, இரண்டு மூன்று எண்ணும்வரை வைத்து, அதே வேகத்தில் தூக்க வேண்டும். நடுவில் தயங்கினால் அங்கே வரி விழும். தூக்கியதும் சாய்த்து உதறி, கடைசிச் சொட்டு விளிம்பில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஓரத்தில் ஊசியால் கீறிப் பார்த்தால் பூச்சு அஞ்சலட்டை அளவு தடிமனில் இருக்க வேண்டும். மெலிந்தால் செம்மண் எட்டிப் பார்க்கும்; தடித்தால் காயும்போதே வெடித்து, சூளையில் சுருளும். சஹன் அளவுள்ள பெரிய தட்டை முக்கும் வாளி வீட்டில் இராது. அகலமான மென்மயிர்த் தூரிகையால் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்காக, ஈரப் பளபளப்பு மறைந்தவுடன் அடுத்தது. முதல் பூச்சு முற்றிலும் காய்ந்துபோனால் இரண்டாவது அதைப் பெயர்த்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு வழிசலைப் பிளேடால் சீவி, ஊசித்துளைகளை விரல்நுனியால் மெல்லத் தேய்த்து அடைக்க வேண்டும். பலர் விட்டுவிடும் இந்தப் பத்து நிமிட வேலையில்தான் வழவழப்பு கிடைக்கிறது. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, குழந்தைகள் இல்லாத அறையில் செய்யுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிறகுதான் ஓவியம். கோபால்ட், தாமிரம், மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைச் சிறிது ஃப்ரிட்டோடு கலந்து, காய்ந்த வெள்ளையின்மேல் தூரிகையால் எழுதுவார்கள். அழிக்க முடியாது. வாட்டர் கலர் மாதிரி ஒரே இழுப்பு. குரோமியப் பச்சையைத் தவிர்ப்பது நல்லது. அது சூளையில் ஆவியாகி, பக்கத்திலுள்ள வெள்ளீயப் பூச்சில் இளஞ்சிவப்புக் கறையாகப் படியும்.

சூளை மின்சூளையாக இருந்தால் சுகம். காற்றின் அடர்த்தி கொடைக்கானலில் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பர்னரை அதற்கேற்பத் திருத்தாத கேஸ் சூளை புகைந்து, பச்சையைச் சாம்பல் நிறமாகக் கெடுக்கும். மின்சூளைக்கு எதிரி குறைந்த வோல்டேஜ்: 230க்குப் பதில் 200 வந்தால் வெப்பத்திறன் முக்கால்வாசியாக இறங்கிவிடும். ஆகவே மணியைப் பார்க்காமல், வெப்பத்துக்கு வளையும் சூளைக் கூம்பை உள்ளே வைத்துப் பாருங்கள். 04 எண் கூம்பு இதற்குச் சரி.

கடைசியாக, சாப்பிடும் பாத்திரம் பற்றி. பித்தளைக்கு 'ஈயம்' பூசுவோமே, அது வெள்ளீயம், தீங்கற்றது. காரீயம் வேறு. பழைய மஜோலிகா முழுவதிலும் காரீயம் உண்டு. புளிக்குழம்பும் எலுமிச்சை ஊறுகாயும் அதைக் கரைத்து எடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பழம்பொருள் கடையில் வாங்கிய தட்டு சுவருக்கு மட்டுமே. நீங்கள் செய்ததில் ஈயமில்லாத ஃப்ரிட் இருந்தாலும், தாமிரப் பச்சையை உணவு படும் இடத்தில் எழுத வேண்டாம். ஒரு துண்டு எலுமிச்சையை இரவு முழுவதும் பூச்சின்மேல் வைத்துப் பாருங்கள். காலையில் நிறம் மங்கியிருந்தால் அந்தப் பூச்சு உணவுக்கு ஆகாது. மங்காவிட்டாலும் காரீயம் இல்லை என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. விற்பனைக்குச் செய்பவர்கள், 4 சதவீத அசெடிக் அமிலத்தை 24 மணி நேரம் பாத்திரத்தில் ஊற்றி வைத்து ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கு, ஒவ்வொரு புதிய கலவையிலிருந்தும் ஒரு கிண்ணத்தை அனுப்ப வேண்டும்.