ஒரு கடிதமும் எட்டு இயந்திரங்களும்

1985 டிசம்பர். பாரிஸில் இயங்கிவந்த கோகாம் அமைப்புக்கு ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் போனது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று பட்டியல் போடுவதற்காக அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் 1949-ல் ஏற்படுத்திய குழு அது. கடிதம் எழுதியவர் பெயர் குமகாய் ஹிட்டோரி. வாகோ கோயெகி என்ற சிறிய வர்த்தக நிறுவனத்துக்காக மாஸ்கோவில் வேலை பார்த்தவர். நிறுவனத்தோடு மனஸ்தாபமாகி வெளியே வந்திருந்தார்.

அவர் சொன்ன விஷயம் சுருக்கமானது. தோஷிபா மெஷின் நிறுவனம், விற்கக் கூடாத ராட்சத இயந்திரங்களைப் பொய்க் கணக்கு காட்டி சோவியத் யூனியனுக்கு விற்றுவிட்டது. அவை லெனின்கிராடில் உள்ள பால்டிக் கப்பல் கட்டும் தளத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேலை, ப்ரொப்பெல்லர் செதுக்குவது.

ஏவுகணை இல்லை, அணுகுண்டு இல்லை. கப்பலின் பின்னால் சுழலும் வெண்கல இறக்கைகள். இதற்காக வாஷிங்டனிலிருந்து டோக்கியோ வரை ஏன் ஆட்டம் கண்டது? அதைப் புரிந்துகொள்ள முதலில் 90 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

நீருக்குள் ஒரு கொதிப்பு

நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ், தன் டர்பைனின் திறமையைக் காட்ட 'டர்பினியா' என்ற சிறு கப்பலைக் கட்டினார். 1894-ல் ஓட்டிப் பார்த்தால் ஏமாற்றம். டர்பைன் அசுர வேகத்தில் சுழன்றது. கப்பலோ அந்த அளவுக்கு நகரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் 'டேரிங்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கும் இதே சிக்கல் வந்திருந்தது.

காரணம் ப்ரொப்பெல்லரில் இருந்தது. இறக்கையின் ஒரு பக்கம் நீரைப் பின்னுக்குத் தள்ளும்போது மறுபக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அளவுக்கு மீறிக் குறைந்தால், நீர் சூடேறாமலே ஆவியாகிக் குமிழ் விடுகிறது. அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் அந்தக் குமிழ்கள் நொறுங்குகின்றன. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்பு இரையுமே, அந்த ஓசைக்கும் குமிழ்கள் இப்படி நொறுங்குவதுதான் காரணம். இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். இது உந்துசக்தியைத் தின்னும்; வெண்கலத்தை அரித்துக் குழியாக்கும்; நீரெங்கும் சத்தம் பரப்பும்.

பார்சன்ஸ் இதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். 1895-ல் செம்பில் ஒரு வளையக் குழாய் செய்து, அதற்குள் 2 அங்குல ப்ரொப்பெல்லரைச் சுழலவிட்டார். விட்டு விட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சத்தில், சுழலும் இறக்கை நின்றது போலத் தெரிந்தது. அதன் முதுகில் குமிழ்கள் முளைப்பதும் தெரிந்தது. உலகின் முதல் கேவிட்டேஷன் சோதனைக் குழாய் இதுதான். பிறகு அவர் டர்பினியாவில் மூன்று தண்டுகள் வைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று ப்ரொப்பெல்லர்களை மாட்டினார். 1897 ஜூனில் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்புக்குள் புகுந்து, விரட்டி வந்த படகுகளுக்குப் போக்குக் காட்டி ஓடியது அந்தக் கப்பல். வேகம், மணிக்கு 34 கடல் மைல்.

பார்சன்ஸின் கவலை வேகத்தைப் பற்றியது. சத்தத்தைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் உலகப் போர் அதை மாற்றியது. 1943-ல் ஜெர்மனி களமிறக்கிய ஒரு வகை டார்பிடோ, கப்பலின் ப்ரொப்பெல்லர் ஓசையைக் கேட்டே தேடிப் போய்த் தாக்கியது. தப்பிக்க, பிரிட்டிஷ் கப்பல்கள் அதைவிடப் பெரிய சத்தம் போடும் கருவியைப் பின்னால் கட்டி இழுத்துச் சென்றன.

காகிதத்தில் விழுந்த கோடுகள்

பனிப்போர் தொடங்கியதும் அமெரிக்கா கடலின் அடித்தளத்திலேயே காது வைத்தது. 1950-களில் அட்லாண்டிக்கின் தரையில் வரிசை வரிசையாக ஹைட்ரோபோன்கள் என்ற நீரடி ஒலிவாங்கிகள் பதிக்கப்பட்டன. சோசஸ் என்ற அந்த ரகசிய வலை கேட்டதெல்லாம் கரையில் இருந்த நிலையங்களில் காகிதச் சுருளில் கோடுகளாகப் பதிந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து இறக்கை கொண்ட ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 100 முறை சுழல்கிறது. நிமிடத்துக்கு 500 இறக்கை வீச்சு. அதாவது வினாடிக்கு எட்டுக்குச் சற்று மேல். மனிதக் காது ஏறத்தாழ 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது. ஆனால் தாழ்ந்த அதிர்வுகள்தான் கடலில் நூற்றுக்கணக்கான மைல் அதிகத் தேய்மானமின்றிப் பயணம் செய்யும். காகிதத்தில் அந்த அதிர்வின் கோடும், அதன் மடங்குகளின் கோடுகளும் சம இடைவெளியில் விழும். இடைவெளியை அளந்தே ப்ரொப்பெல்லருக்கு எத்தனை இறக்கை, எத்தனை சுற்று, கப்பல் என்ன வேகம் என்று பயிற்சி பெற்றவர் சொல்லிவிடுவார். எந்த வகைக் கப்பல் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சோவியத் நீர்மூழ்கிகள் வேகமானவை, ஆழத்தில் போகக்கூடியவை. ஆனால் சத்தக்காரக் கப்பல்கள். அவற்றை எவ்வளவு தூரத்திலிருந்து அமெரிக்கா கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது மாஸ்கோவுக்கு முழுமையாகத் தெரியாது. தெரிய வைத்தவர் ஜான் வாக்கர் என்ற அமெரிக்கக் கடற்படை வாரன்ட் அதிகாரி என்பது பரவலான கருத்து. 1960-களின் இறுதியில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குத் தானே நடந்துபோய் ரகசியங்களை விற்கத் தொடங்கிய அவர், 1985 மே மாதம்தான் பிடிபட்டார். இடைப்பட்ட காலத்தில் சோவியத் கடற்படை சத்தத்தைக் குறைப்பதில் முழுமூச்சாக இறங்கியிருந்தது.

ஏழு இறக்கைக் கணக்கு

சத்தம் குறைய ப்ரொப்பெல்லரை என்ன செய்ய வேண்டும்? முதலில் அதைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழலவிட வேண்டும். இறக்கை நுனியின் வேகம் குறைந்தால் குமிழ் எழும்பாது. ஆழத்தில் நீரின் அழுத்தமும் துணைக்கு வரும். ஆழம் கூடக்கூட, குமிழ் எழாமல் ஓடக்கூடிய வேகமும் கூடும்.

அடுத்த சிக்கல் நுட்பமானது. நீர்மூழ்கியின் வால் பகுதியில் சிலுவை போல நான்கு துடுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் நீர் சற்று மந்தமாக ஓடும். சுழலும் இறக்கை அந்த மந்தமான நீரைக் கடக்கும்போதெல்லாம் ஓர் உதறல். நான்கு துடுப்புக்கு நான்கு இறக்கை வைத்தால் நான்கும் ஒரே நொடியில் உதறும். அந்த அதிர்வு தண்டு வழியே கப்பலின் உடல் முழுக்கப் பரவும். ஏழு இறக்கை வைத்தால், எந்த நேரத்திலும் ஏதாவது ஓர் இறக்கைதான் துடுப்புக்கு நேரே வரும். உதறல் சிதறிப்போகும். அமெரிக்காவின் 'ஸ்கிப்ஜாக்' வகை நீர்மூழ்கிகள் ஐந்து இறக்கையிலிருந்து ஏழுக்கு மாறியபோது வேகத்தில் கொஞ்சம் இழந்தன. அமைதிக்குக் கொடுத்த விலை அது.

இறக்கையின் வடிவமும் மாறியது. நேராக நீட்டாமல் அரிவாள் போல வளைத்தார்கள். அப்போது இறக்கையின் முன்விளிம்பு மந்தமான நீருக்குள் ஒரேயடியாகப் பாயாது. அடியிலிருந்து நுனி வரை கொஞ்சம் கொஞ்சமாக நுழையும்.

காகிதத்தில் வரைவது எளிது. செய்வதுதான் கடினம். இத்தகைய இறக்கையில் எந்தப் பகுதியும் தட்டையில்லை. ஒவ்வொரு அங்குலத்திலும் சாய்வும் வளைவும் தடிமனும் மாறிக்கொண்டே போகும். வார்த்தெடுத்த வெண்கலத்தைத் தொழிலாளர்கள் அச்சுத் தகட்டை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கையால் அரைத்துச் சரிசெய்வதுதான் பழைய முறை. ஏழு இறக்கைகளும் ஒன்றுபோல வருவது கைத்திறமையைப் பொறுத்தது. ஓர் இறக்கை மட்டும் சற்று மாறுபட்டாலும் அது சுழற்சிக்கு ஒருமுறை தன் இருப்பைக் கடலுக்கு அறிவிக்கும்.

இரண்டு அச்சு என்றார்கள்

அந்தக் கைவேலைக்கு மாற்றாக வந்தது தோஷிபா மெஷினின் எம்.பி.பி.-110. சுமார் 11 மீட்டர் குறுக்களவு வரையுள்ள ப்ரொப்பெல்லரைக் கணினி சொன்னபடி செதுக்கும் ஒன்பது அச்சு மில்லிங் இயந்திரம். வெட்டும் தலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் போவதோடு, வளைவுக்கு ஏற்பத் தானும் சாய்ந்து திரும்பிக்கொண்டே வெட்டும். அதற்கு மூளையாக இருந்த என்.சி.-2000 கணினிக் கட்டுப்பாட்டுக் கருவி, நார்வே அரசுக்குச் சொந்தமான கோங்ஸ்பெர்க் ஆயுதத் தொழிற்சாலையின் தயாரிப்பு.

கோகாம் விதிப்படி, இரண்டு அச்சுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் இயந்திரத்தைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு விற்கக் கூடாது. 1981-ல் சோவியத் வர்த்தக நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. ஏற்றுமதி அனுமதிக்கான விண்ணப்பத்தில், 'இரண்டு அச்சு கொண்ட சாதாரணச் செங்குத்து லேத்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நார்வேயிலும் இதே கதைதான். அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். நான்கு ஒன்பது அச்சு இயந்திரங்களும், பிறகு நான்கு ஐந்து அச்சு இயந்திரங்களும் 1984-க்குள் போய்ச் சேர்ந்தன. முதல் நான்கின் விலை மட்டும் சுமார் 1.7 கோடி டாலர்.

குமகாயின் கடிதம் வந்த பிறகும் உடனே எதுவும் நடக்கவில்லை. கோகாம் ஜப்பானைக் கேட்டது. ஜப்பானின் வர்த்தக அமைச்சகம் நிறுவனத்தைக் கேட்டது. 'அப்படி எதுவும் இல்லை' என்றது நிறுவனம். விஷயம் அத்தோடு முடிந்தது. நார்வேயிலிருந்து ஆதாரங்கள் வந்து, அமெரிக்கா நெருக்கிய பிறகு, 1987-ல்தான் டோக்கியோ காவல்துறை சோதனையில் இறங்கியது. மே மாதம் தோஷிபா மெஷினின் இரண்டு அதிகாரிகள் கைதானார்கள்.

சம்மட்டி அடி

வாஷிங்டனில் புயல் அடித்தது. ஜப்பானியக் கார்களும் டிவிக்களும் அமெரிக்கச் சந்தையை நிறைத்து, அங்கே ஏற்கெனவே எரிச்சல் மண்டியிருந்த நேரம். 1987 ஜூன் 30 அன்று தோஷிபா பொருள்களுக்குத் தடை விதிக்கும் தீர்மானம் செனட்டில் 92-க்கு 5 என்று நிறைவேறியது. மறுநாளே தோஷிபா தலைவர் சபா ஷோயிச்சியும் நிர்வாகத் தலைவர் வதாரி சுகியிச்சிரோவும் பதவி விலகினார்கள். நாடாளுமன்ற வளாகத்தில் உறுப்பினர்கள் சிலர் தோஷிபா ரேடியோ ஒன்றைத் தரையில் வைத்து, கேமராக்களுக்கு முன்னால் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். ஜூலையிலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப் பக்க மன்னிப்பு விளம்பரம் கொடுத்தது தோஷிபா.

இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகு தண்டனை என்ன? 1988 மார்ச்சில் டோக்கியோ நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 20 லட்சம் யென். அன்றைய மதிப்பில் 16,000 டாலர் அளவுக்குத்தான் வரும். அதிகாரிகள் இருவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. அமெரிக்கா தன் பங்குக்கு, தோஷிபா மெஷின் பொருள்களுக்கு மூன்று ஆண்டு இறக்குமதித் தடை போட்டது. குமகாய் பிறகு தன் மாஸ்கோ அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். மர்ம நாவலாசிரியராகவும் பெயர் பெற்றார்.

யார் குற்றவாளி?

'இந்த எட்டு இயந்திரங்களால்தான் சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியாகின' என்று அன்று அமெரிக்கா சொன்னது. காலக்கணக்கு அதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. முந்தையவற்றைவிடத் தெளிவாகச் சத்தம் குறைந்த 'விக்டர்-3' வகை நீர்மூழ்கி 1970-களின் இறுதியிலேயே கடலில் இறங்கிவிட்டது. தோஷிபா இயந்திரம் ஒன்றுகூட அப்போது லெனின்கிராட் போயிருக்கவில்லை. நார்வே காவல்துறை மேலும் விசாரித்தபோது, பிரான்ஸ் உள்ளிட்ட வேறு மேற்கத்திய நாடுகளின் நிறுவனங்களும் இதேபோல விற்றிருப்பது தெரியவந்தது. நீர்மூழ்கியின் சத்தத்துக்கு ப்ரொப்பெல்லர் மட்டுமே காரணமும் இல்லை. பம்புகள், பற்சக்கரங்கள், எந்திரங்கள் உட்கார்ந்திருக்கும் மேடை எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். அதையெல்லாம் சோவியத் பொறியாளர்கள் தாங்களே செய்தார்கள். என்ன வடிவம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிசகில்லாமல், வேகமாக, திரும்பத் திரும்பச் செய்யும் வசதியைத்தான் தோஷிபா விற்றது. விற்றது குற்றம், ஆனால் வித்தையை விற்றதாகச் சொல்வது மிகை.

அதற்குள் தொழில்நுட்பமும் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. பிரிட்டன் 1970-களிலேயே தன் நீர்மூழ்கிகளில் ப்ரொப்பெல்லரை எடுத்துவிட்டு, கூண்டுக்குள் சுழலும் பம்ப்ஜெட்டைப் பொருத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் 'சீவுல்ஃப்', 'வர்ஜீனியா' வகைகளும் அதே வழியில் வந்தன. இன்றும் நீர்மூழ்கி வறண்ட தளத்தில் ஏறினால் முதலில் மூடுவது அதன் வாலைத்தான். 2007-ல் ஓர் இணைய வரைபடத்தின் வான்படத்தில், அமெரிக்காவின் 'ஒஹையோ' வகை நீர்மூழ்கி ஒன்றின் ப்ரொப்பெல்லர் மூடாமல் தெரிந்தது உலகச் செய்தியானது.

கோகாம் 1994-ல் கலைந்தது. அதன் இடத்தில் 1996-ல் வந்த வாசனார் உடன்படிக்கையில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன் பட்டியலிலும் ஐந்து அச்சு இயந்திரங்கள் இருக்கின்றன. கோவையிலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலை இன்று ஜப்பானிலிருந்து அப்படி ஓர் இயந்திரம் வாங்கினால், எந்த வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இயந்திரத்தை இருக்கும் இடத்திலிருந்து பெயர்த்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் கருவியைப் பல ஜப்பானிய நிறுவனங்கள் உள்ளேயே வைத்து அனுப்புகின்றன. மறுபடி ஓட வைக்க, தயாரித்தவரின் அனுமதி வேண்டும்.

(தொடரும்)