பிற்போடும் உரிமை

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புறப்பாடுகளின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். எந்நாளில் எக்கலம் எழுந்தது, அதில் அமர்ந்து சென்றவர் யார், முந்திக்கொண்ட நாடு எது என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. புறப்படாத நாள்களைப் பற்றி எழுதுவார் இல்லை. மென்பொருளை மேலும் பரீட்சிக்க வேண்டியிருப்பதாற் புறப்பாடு ஒரு வாரம் பிற்போடப்பட்டது என்று பத்திரிகையின் மூலையில் வரும் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆயினும், அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னே உழைப்பின் வரலாறும் உண்டு, அதிகாரத்தின் வரலாறும் உண்டு. வேலை இன்னும் முடியவில்லை என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அதைக் கேட்டு நடக்கும் கடமை யாருக்கு உண்டு என்னும் வினாவே அவ்வரலாற்றின் மையமாகும்.

மென்பொருள் என்பது கணினிக்கு வழங்கப்படும் கட்டளைகளின் தொடர். இரும்பு தேயும், கயிறு இற்றுப்போகும்; அவற்றின் தளர்ச்சியைக் கண்ணாற் காணலாம். கட்டளைத் தொடரோ தேய்வதில்லை. அதிலுள்ள பிழை எழுதப்பட்ட நாள் முதலே அதனுள் இருக்கிறது; தனக்குரிய சந்தர்ப்பம் வாய்க்கும்வரை வெளிப்படாது கிடக்கிறது. பரீட்சையின் மூலம் பிழை உண்டென்று காட்டலாமேயன்றிப் பிழையே இல்லையென்று நிறுவ இயலாது என்பதை ஒல்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ற்றா 1969 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எனவே, பரீட்சை தானாக முடிவடையும் வேலையன்று. இது போதும் என்று எவரேனும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிப்பவர் பிழை தேடுபவரா, நாள் குறித்தவரா, பணம் முதலிட்டவரா என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோத் திட்டத்தில் இத்தீர்மானத்துக்கு ஒரு பௌதிக எல்லை இருந்தது. கலத்தின் வழிகாட்டிக் கணினிக்குரிய கட்டளைகளை மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் எழுதினர். எழுத்தில் இருந்தவற்றைப் பொருளாக ஆக்கியவர்கள் வோல்தம் நகரிலே றேதியன் கொம்பனியின் தொழிற்சாலையிற் பணிபுரிந்த பெண்கள். சிறு காந்த வளையத்தின் ஊடாகக் கம்பியைக் கோத்துச் சென்றால் அது 1. வளையத்துக்கு வெளியே கொண்டு சென்றால் அது 0. இவ்வாறு 36,864 கணினிச் சொற்கள் கொண்ட நிலையான நினைவகம் கையால் நெய்யப்பட்டது. நெசவுக்குப் பல வாரங்கள் வேண்டும். நெய்து முடிந்தபின் ஒரு கட்டளையை மாற்றுவது எளிதன்று. ஆதலால், கட்டளைகளை எழுதிப் பரீட்சிக்கும் வேலை பயணத்துக்கு வெகு முன்னரே முடிந்திருக்க வேண்டும். மேலிடத்தார் எவ்வளவு அவசரப்பட்டபோதிலும் தொழிலாளியின் விரல்களுக்கு ஒரு வேகம் இருந்தது. அந்த வேகமே பரீட்சைக்குரிய அவகாசத்தைக் காத்து நின்றது எனலாம். மென்பொருட் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மாகறெற் ஹமில்ற்றனுக்கு 2016 இல் அமெரிக்க சனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. கம்பி கோத்த பெண்களை வரலாறு இன்னும் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

பின்னர் நினைவகங்கள் மாறின. புறப்பாட்டுக்கு முதல்நாளிலும், புறப்பட்ட பின்னருங்கூடக் கட்டளைகளை மாற்ற முடிந்தது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், தறி விதித்த ஒழுங்கு அதனுடன் மறைந்தது. பொருள் விதித்த ஒழுங்கை இனி மனிதரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவ்வாறு விதித்துக்கொண்டதற்கு அமெரிக்க விண்ணோடத்தின் மென்பொருட் குழுவினர் நல்ல உதாரணம். முதல் விண்ணோடம் 1981 ஏப்பிரில் 10 ஆம் திகதி எழுந்திருக்க வேண்டும். நான்கு பிரதான கணினிகளும், அவற்றுக்குத் துணையாக நின்ற ஐந்தாவது கணினியும் காலக்கணக்கில் ஒத்துப்போகவில்லை. கணினிகளை இயக்கத் தொடங்கும்போது 67 தடவையில் ஒரு தடவை மட்டுமே நேரக்கூடிய பிழை அது. முந்திய பரீட்சைகளில் அகப்படாமல் அன்று வெளிப்பட்டது. உலகம் பார்த்திருக்கப் புறப்பாடு நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 12 ஆம் திகதி, விண்ணோடம் எழுந்தது.

1986 சனவரி 28 இல் சலஞ்சர் விண்ணோடம் அழிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அதனை விசாரித்த குழுவில் இடம்பெற்ற பௌதிக அறிஞர் றிச்சார்ட் ஃபைன்மன் முகாமையாளரைக் கடுமையாகச் சாடினார். பொறியியலாளரின் அச்சங்கள் மேலே செல்லச் செல்ல நம்பிக்கையாக மாறிவிட்டதை அவர் வெளிப்படுத்தினார். ஆனால், மென்பொருளைச் சரிபார்க்கும் முறையை மட்டும் பாராட்டினார். எழுதியவர்கள் ஒரு குழு. அவர்களுக்கு எதிராளிபோல நின்று பிழை தேடுபவர்கள் வேறொரு குழு. இத்துடன் அவர் ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்தார். இவ்வளவு செலவு மிக்க பரீட்சை இனி வேண்டியதில்லை என்று முகாமையாளர் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தனர். அதற்கு இடங்கொடுத்தலாகாது என்பதே அவ்வெச்சரிக்கை. பிழை வெளிப்படாமைக்குக் காரணம் பரீட்சையே. அந்த வெற்றியையே காட்டிப் பரீட்சையைக் குறைப்பது, கொள்ளைநோய் வரவில்லையே என்று கூறித் தடுப்பு ஊழியரை வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்தல் அவசியம். அரசின் கையில் இருந்தால் எல்லாம் செவ்வையாகவே நடக்கும் என்று நம்மிற் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். சலஞ்சர் அரசின் விண்ணோடம். ஐரோப்பிய அரசுகள் கூடி உருவாக்கிய ஏரியன் 5 ரொக்கெற் 1996 யூன் 4 ஆம் திகதி தன் முதற் பயணத்திலேயே, எழுந்து ஏறத்தாழ 40 விநாடிகளுள், நான்கு ஆய்வுக் கோள்களுடன் சிதறியது. பழைய ஏரியன் 4 இன் திசைகாட்டும் மென்பொருள் புதிய ரொக்கெற்றுக்கும் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. புதியது வேகம் மிக்கது. பழைய கட்டளை வைத்திருந்த சிறிய இடத்தில் அதன் வேகத்தைக் குறிக்கும் எண் அடங்கவில்லை. புதிய பாதையின் கணக்குகளைக் கொடுத்து அக்கருவியை முன்கூட்டியே பரீட்சித்திருந்தால் பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கும் என்பதை விசாரணைக்குழு எடுத்துக்காட்டியது. ஆகவே, உடைமை யாருடையது என்ற கேள்வியுடன், சரிபார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியையும் நாம் எழுப்ப வேண்டும்.

தனியார் கொம்பனிகள் இத்துறையிற் புகுந்தபோது இவ்விரு கேள்விகளும் ஒன்றாய் எழுந்தன. விண்வெளி நிலையத்துக்குப் பண்டங்களை ஏற்றிச் செல்லும் வேலையைத் தனியாரிடம் விடும் திட்டத்தை நாசா 2006 இல் தொடங்கியது. ஸ்பேஸ் எக்ஸ் கொம்பனி 2008 டிசெம்பரில் 12 பயணங்களுக்காக 160 கோடி டொலர் ஒப்பந்தத்தைப் பெற்றது. 2011 யூலையில் விண்ணோடங்கள் ஓய்வுபெற்றன. கொம்பனியின் டிராகன் கலம் நிலையத்தை அடைந்து காட்டவேண்டிய அவசரம் எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

அந்தப் பயணத்துக்கு 2012 பெப்ரவரி 7 ஆம் திகதி குறிக்கப்பட்டது, அது தவறியது. ஏப்பிரில் 30 குறிக்கப்பட்டது. நிலையத்தை அணுகி இணைவதற்கான கட்டளைகளை இன்னும் பரீட்சிக்க வேண்டும் என்று கூறி மே 7 க்குப் பிற்போட்டனர். அதுவும் கடந்து மே 19 ஆயிற்று. அன்று இயந்திரங்கள் எரியத் தொடங்கியபின், ஒன்றில் அழுத்தம் மிகுந்ததைக் கண்ட கணினி, எழுவதற்கு அரை விநாடி இருக்கையில் எல்லாவற்றையும் அணைத்தது. பழுதான வால்வு மாற்றப்பட்டு மே 22 இல் கலம் எழுந்தது. மே 25 இல் நிலையத்தை நெருங்கியபோது, நிலையத்திலுள்ள ஜப்பானிய ஆய்வுகூடத்திலிருந்து தெறித்த ஒளி டிராகனின் தூரமளக்கும் கருவியைக் குழப்பியது. 30 மீற்றர் வரை வந்த கலம் 70 மீற்றருக்குப் பின்வாங்கிக் காத்திருந்தது; கருவியின் பார்வைப் பரப்பைச் சுருக்கியபின் மீண்டும் நெருங்கியது. நிலையத்தின் இயந்திரக் கரம் அதைப் பற்றிக்கொண்டது. தனியார் கலமொன்று அந்நிலையத்தை அடைந்தது அதுவே முதற்றடவை.

ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். தனியார் திறமை இவ்வளவுதானா என்று கேட்டனர். உண்மையில் மெச்சத்தக்கது அந்தத் தாமதமே. ஆனால், அதைக் கொம்பனியின் நற்குணம் என்று கொள்வதும் தவறு. நிலையத்தில் ஆறு பேர் வாழ்ந்துகொண்டிருந்தனர். 1997 யூன் 25 இல் ரஷ்யாவின் மீர் நிலையத்தோடு சரக்குக்கலம் ஒன்று மோதி அதன் சுவரில் ஓட்டை விழுந்ததை எவரும் மறந்திருக்கவில்லை. கதவின் சாவி பொதுமக்களின் நிறுவனத்தாரிடம் இருந்தது. புதிய கொம்பனியை அவர்கள் ஐயக்கண்கொண்டு பார்த்தனர். நிரூபித்துக் காட்டு என்று கேட்டனர். கேட்பதற்கு ஒருவர் இருந்தபடியால் விடைதேட அவகாசமும் கிடைத்தது.

பழம்பெரும் கொம்பனியாகிய போயிங் விடயத்தில் நிகழ்ந்தது வேறு. மனிதரை ஏற்றிச் செல்லும் கலங்களுக்காக 2014 இல் நாசா செய்த நிர்ணய விலை ஒப்பந்தங்களில் போயிங்குக்கு 420 கோடி டொலரும் ஸ்பேஸ் எக்ஸுக்கு 260 கோடி டொலரும் ஒதுக்கப்பட்டன. 2019 டிசெம்பர் 20 இல் போயிங்கின் ஸ்டார்லைனர் கலம் ஆளின்றிப் புறப்பட்டது. ரொக்கெற்றிலிருந்து நேரத்தைப் பெற்றபோது அதன் கடிகாரம் 11 மணித்தியாலம் பிழைத்தது. பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிய கலம் எரிபொருளை வீணாக எரித்து, நிலையத்தை அடைய முடியாமற் போயிற்று. பின்னர், அது வானிற் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே பொறியியலாளர் கட்டளைகளை மீண்டும் படித்து, திரும்பும் வேளையிற் கலத்தின் இரு பாகங்கள் மோதிக்கொள்ளக் காரணமாகியிருக்கக்கூடிய மற்றொரு பிழையைக் கண்டனர். தரையிறங்கச் சில மணித்தியாலங்களே இருந்தபோது திருத்தினர். டிசெம்பர் 22 இல் அது நியூ மெக்சிக்கோவில் இறங்கியது.

காரணம் பிறகு வெளிவந்தது. புறப்பாடு முதல் நிலையத்தை அடைவது வரை ஒரே ஓட்டமாகப் பரீட்சித்தால் 25 மணித்தியாலத்துக்கு மேலாகும். ஆகவே, பயணத்தைத் துண்டு துண்டாக்கிப் பரீட்சித்தனர். ரொக்கெற்றுடன் சேர்த்து நடத்திய பரீட்சை கலம் பிரியும் கட்டத்துடன் நின்றுவிட்டது. பிழை துண்டுகளின் இடைவெளியில் இருந்தது. அறிந்தே குறுக்குவழியிற் செல்லவில்லை என்று கொம்பனியார் கூறினர். அதனை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலை மிகையெனத் தோன்றும் மனநிலை எப்படி உருவாகிறது என்பதே நமது கேள்வி. மறுபயணத்துக்கென அக்கொம்பனி 41 கோடி டொலர் ஒதுக்க நேர்ந்தது. விசாரணை 80 பரிந்துரைகளை முன்வைத்தது. புதிய கொம்பனியைக் கூர்ந்து கவனித்த அளவுக்குப் பழைய கொம்பனியைக் கவனிக்கத் தவறினோம் என்று நாசாவின் அலுவலரே ஒப்புக்கொண்டனர். பெயரின் பெருமை பரீட்சையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

அப்படிப்பினை முற்றாக வீண்போகவில்லை. 2024 யூனில் ஸ்டார்லைனர் இருவரை நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது. இம்முறை கோளாறு மென்பொருளில் அன்று, உந்துகருவிகளில். கலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் என்று கொம்பனி நம்பியபோதும், நாசா ஓகஸ்ற் மாதத்தில் அதனை ஏற்க மறுத்தது. கலம் வெறுமையாகத் திரும்பியது. இருவரும் 2025 மார்ச்சில் வேறு கலத்தில் வந்து சேர்ந்தனர்.

இவ்வரலாறு விண்வெளிக்கு மட்டும் உரியதன்று. இன்று மருத்துவமனையின் கருவியும், வங்கியின் கணக்கும், புகையிரதத்தின் சைகையும் மென்பொருளால் இயங்குகின்றன. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் 'இன்னும் ஒரு வாரம் வேண்டும்' என்று சொல்லக்கூடிய ஓர் ஊழியர் இருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்த பிழை விபத்தாக மாறாதபடியால் அவருடைய வெற்றியும் நமக்குத் தெரிவதில்லை. அவர் அஞ்சாமற் பேசக்கூடிய நிலை இருக்கிறதா, பேசியதற்காக வேலையை இழக்காதபடி பாதுகாப்பு இருக்கிறதா, நாள் குறிப்பவரின் தயவில் வாழாத தனி நிலை அவருக்கு உண்டா என்று நாம் கேட்க வேண்டும். யந்திரங்களின் நம்பகத்தன்மை அவற்றைச் சரிபார்க்கும் மனிதரின் சுதந்திரத்திலிருந்தே பிறக்கிறது. பிற்போடும் உரிமை உழைப்பவரின் உரிமைகளில் ஒன்று. அதைக் காப்பது நம் எல்லோருடைய உயிரையும் காப்பதாகும்.