குண்டுகளுக்கு நடுவே ஒரு வகுப்பு

"ஊரே பத்தி எரியுது, உனக்கென்னய்யா கணக்கு?" உயர்கணிதம் படிக்கப் போகிறவர்களைப் பார்த்து இயக்கத் தோழர்கள் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நிஜமாகவே எரிந்துகொண்டிருந்த ஓர் ஊர் இதற்கு என்ன பதில் சொன்னது என்பதையும் நாம் பார்த்துவிட வேண்டும். ஊர் ஹனோய்; ஆண்டு 1967.

படிப்பைப் பற்றி முதலில். ஒரு சமன்பாடு வட்டத்தைத் தரும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதே சமன்பாட்டுக்கு முழு எண்களில், அல்லது ஒரு பகா எண்ணால் வகுத்து வரும் மீதிகளில் தீர்வு தேடினால்? கண்ணுக்குத் தெரிகிற வட்டம் அங்கே கிடையாது. ஆனாலும் அங்கேயும் வடிவம் என்ற ஒன்றைப் பேச முடியும் என்கிறது இயற்கணித வடிவியல். அதன் அஸ்திவாரத்தையே மாற்றிப் போட்டவர் அலெக்சாந்தர் குரோத்தெண்டிக். பெர்லினில் 1928இல் பிறந்து நாடற்றவராக வளர்ந்தவர். அராஜகவாதியான அவரது தந்தை அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். பாரிசுக்கு வெளியே உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில் 1960களில் அவர் நடத்திய கருத்தரங்கில், மாணவர்களும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து குறிப்பெழுதி, விரித்து, தொகுதிகளாக்கினார்கள். ஆராய்ச்சிப் படிப்பு என்பதே அங்கே கூட்டு உழைப்பாக இருந்தது.

அவர் 1967 நவம்பரில் ஹனோய் போனார். அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த நேரம். நகரத்தில் தொடங்கிய வகுப்புகள், பல்கலைக்கழகம் இடம்பெயர்ந்திருந்த கிராமப்புறத்துக்கு மாறின. நின்றுபோகவில்லை. திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் அவர் முதலில் நிறுவ முயன்றது, அங்கே கணித வாழ்க்கை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்பதைத்தான்.

அந்த வகுப்புகளில் குறிப்பெடுத்தவர் ஹோவாங் சுவான் சின். பிரான்சில் படித்து, 1960இல் நாடு திரும்பி, ஹனோயில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் கற்பித்துவந்தவர். குரோத்தெண்டிக்கின் வழிகாட்டலில் முனைவர் ஆய்வைத் தொடங்கினார். வழிகாட்டி பிரான்சில், இடையே சில கடிதங்கள் மட்டும். பகலில் பாடம் நடத்தினார், இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் ஆய்வு. பொருள்: குலம் என்ற கணித அமைப்பில் 'சமம்' என்பதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஒத்தது' என்பதை வைத்தால் என்னவாகும்? இரண்டு பொருள்கள் சமம் என்று அறிவித்துவிட்டுப் போக முடியாது. எந்த வழியில் ஒத்துப்போகின்றன என்பதையும் காட்டியாக வேண்டும்.

இதற்கிடையில், 1970இல் குருவே கடையைக் கட்டிவிட்டார். தன் நிறுவனத்தின் நிதியில் ஒரு பகுதி ராணுவ அமைச்சகத்திலிருந்து வருகிறது என்று தெரிந்து எதிர்த்தார். பிறகு வேலையை விட்டார். ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1972இல் பேசும்போது, விஞ்ஞான ஆராய்ச்சியைத் தொடரத்தான் வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக்கினார். ஹனோயில் சின் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்த காலமும் இதுதான்.

இருவரில் ஒருவரைச் சரி, மற்றவரைத் தப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். குரோத்தெண்டிக் துறந்தது, அவர் கையில் ஏற்கெனவே இருந்த மையத்தை. பதக்கமும் பதவியும் பார்த்துவிட்ட ஒருவரின் துறவுக்கு அரசியல் மதிப்பு உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. சின்னுக்கோ மையம் என்று எதுவும் கைவசம் இல்லை. காலனி ஆட்சி எட்டாத தூரத்தில் வைத்திருந்த, போர் மறுபடியும் பறிக்கப் பார்த்த ஓர் அறிவை அவர் தன் மொழிக்காரர்களுக்காக மீட்டுக்கொண்டிருந்தார். அவர் போய் 'இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்டிருந்தால், குண்டு போட்டவனுக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

கையால் எழுதிய அந்த ஆய்வேடு 1975இல், போர் முடிந்த அதே ஆண்டில், பாரிசில் ஏற்கப்பட்டது. பின்னர் 1988இல் ஹனோயில் தாங் லோங் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சின்.

நம்ம கேள்வியைக் கைவிட வேண்டாம், கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். 'இந்தக் கணக்கு எதுக்கு?' என்பதற்கு முன்னால், காசு யாருடையது, வகுப்பில் உட்கார யாருக்கு இடம் கிடைக்கிறது என்று கேட்போம். முதல் கேள்வி குரோத்தெண்டிக்கிடமிருந்து வருகிறது. இரண்டாவதைச் சின்னின் விளக்கு கேட்கிறது.