கொடியும் கயிறும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பத்திரிகைக்காக 'பஞ்சி ஜம்பிங்' பற்றிய வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்த்திருந்தேன். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'பஞ்சி' என்றால் சோம்பல். "பஞ்சி பிடித்தவன் ஏன் பாலத்திலிருந்து குதிக்கிறான்?" என்று ஒப்புநோக்காளர் கேட்க, நானும் சேர்ந்து சிரித்தேன். காலில் கயிறு கட்டிக் குதிக்கும் அந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு மரணம் இருப்பதைப் பின்னரே அறிந்தேன்.

பசிபிக் சமுத்திரத்தில், இன்றைய வனுவாட்டு நாட்டுக்குரிய பெந்தகோஸ்ட் தீவில், ஆண்கள் கணுக்கால்களில் காட்டுக்கொடிகளைக் கட்டிக்கொண்டு 20 முதல் 30 மீற்றர் வரை உயரமான மரக்கோபுரங்களிலிருந்து தலைகீழாகப் பாய்வது மரபு. கிழங்கு அறுவடையோடு இணைந்த இச்சடங்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடைபெறும். அப்பருவத்துக் கொடியே இழுபட்டுக் கொடுக்கும் என்பது அம்மக்களின் அனுபவ அறிவு.

கலைப்பட்டதாரியான எனக்கு இதன் பௌதிகவியலை விளங்கவைத்தவர் ஆசிரிய நண்பர் ஒருவர். உயரத்தில் நிற்பவனிடம் இருக்கும் அழுத்தசக்தி, விழும்போது இயக்கசக்தியாக மாறுகிறது. சக்தி அழிவதில்லை என்பதை 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக நிறுவினார். எனவே அச்சக்தியைக் கயிறு வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது உடல் வாங்கிக்கொள்ளும். 20 மீற்றர் விழுந்தவனை அரை மீற்றருக்குள் நிறுத்தினால், அவன் மீது செயற்படும் சராசரி விசை அவனது நிறையின் 41 மடங்கு. மேலும் 20 மீற்றர் நீண்டு நிறுத்தும் கயிற்றில் அது 2 மடங்கு மாத்திரமே. 1678இல் ரொபர்ட் ஹூக் சுருள்வில்லுக்கு வெளியிட்ட விதியின்படி, நீட்சி கூடக்கூட விசையும் கூடும். ஆயினும் இங்கு அதன் உச்சம் 4 மடங்கைத் தாண்டாது.

கொடி இறப்பரைப் போல் நீள்வதில்லை. ஆகவேதான் பாய்பவரின் மேடை உடைந்து சரியும்படி தீவினர் அமைத்தார்கள். கீழே மண்ணைக் கிளறி இளக்கினார்கள். ஹூக்கை அறியாதவர்கள் சக்தியின் கணக்கைப் பங்கிட அறிந்திருந்தார்கள்.

1974 பெப்ரவரியில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் அங்கு சென்றார். அப்போது பிரித்தானியாவும் பிரான்சும் அத்தீவுகளைக் கூட்டாக ஆண்டுவந்தன. மகாராணியாருக்குக் காட்டுவதற்காக, பருவம் வரும் முன்னரே பாய்ச்சலை நடத்துமாறு பிரித்தானிய நிர்வாகம் கிராமத்தவர்களை இணங்கச் செய்தது. கொடிகள் போதிய அளவு இழுபடவில்லை. ஒருவரின் கொடிகள் அறுந்தன. நிலத்தில் மோதிய அவர் பின்னர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். இழுபடாத கொடியில் விசை பெருகும் என்ற விதி, விருந்தினர் யாரென்று பார்ப்பதில்லை.

1979 ஏப்ரல் 1ஆம் திகதி, இங்கிலாந்தின் கிளிப்டன் தொங்குபாலத்திலிருந்து ஒக்ஸ்போர்ட் கழகமொன்றின் உறுப்பினர்கள் மீள்தன்மைக் கயிறுகளோடு குதித்தார்கள். அவர்களுக்கு ஆதர்சமாக இருந்தது பெந்தகோஸ்ட் தீவு. 1988இல் நியூசிலாந்தின் கவராவ் பாலத்தில் அது வணிகமாயிற்று.

அச்செய்தியை இன்று எழுதுவதானால், பாலத்துக்கு முன்னர் அந்தத் தீவையும், பருவத்துக்கு முன் பாயவைக்கப்பட்ட அந்த மனிதரையும் குறிப்பிடுவேன்.