ரோப்ளிங் வீட்டுப் பிள்ளை

பிரஷ்யாவின் மூல்ஹவுசனில் பிறந்த ஜான் ரோப்ளிங், 1831-ல் உடன்பிறந்த கார்லோடு கப்பலேறி, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்ற ஊரையே உண்டாக்கியவர். பெர்லினில் பொறியியல் படித்தவருக்கு விவசாயம் கைகொடுக்கவில்லை. கால்வாய் வேலைக்குப் போனார். அலெகெனி மலைமீது படகுகளைத் தண்டவாள வண்டியில் ஏற்றி இழுத்த காலம் அது. இழுத்தது பருத்த நார்க்கயிறு. அறுந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இரும்புக் கம்பியைத் திரித்து வடமாக்கினால் என்ன? 1841-ல் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் கம்பிகளை நீளநீளமாக இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்து விவசாயிகளை வைத்துத் திரித்தார். குடும்பத்தின் சொத்து பத்தெல்லாம் அந்தப் புல்வெளியில் தொடங்கியதுதான்.

மூத்த மகன் வாஷிங்டன் அப்போது சின்னப் பையன். 1837-ல் பிறந்தவன். பெயர் அமெரிக்கப் பெயர்; புழங்கியது ஜெர்மன். வடம் திரித்த அதே கை வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடித்தது என்று தகப்பனைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். மேதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். எனக்கென்னவோ மகனைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

1869 ஜூனில், கம்பி வடங்களில் தொங்கவிருந்த புரூக்ளின் பாலத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த ஜானின் பாதத்தைப் படகொன்று துறையில் நசுக்கியது. தண்ணீர் வைத்தியத்தில் அசையாத நம்பிக்கை அவருக்கு. டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. ரணஜன்னி கண்டு ஜூலை 22-ல் இறந்தார். 32 வயது மகன் தலைமைப் பொறியாளரானார்.

அஸ்திவாரம் போட ஆற்றடியில் பிரம்மாண்டமான மரப்பெட்டிகளைக் கவிழ்த்து இறக்கி, உள்ளே அழுத்தக் காற்றை ஏற்றி, அதற்குள் ஆட்கள் மண் தோண்டினார்கள். சட்டென மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழி சேரும், மூட்டெல்லாம் முறுக்கும். ஆட்களோடு ஆளாக இறங்கிய வாஷிங்டன் 1872-ல் விழுந்தவர்தான். அதன்பின் புரூக்ளின் வீட்டு ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தே வேலை வாங்கினார். உத்தரவுகளைப் பாலத்துக்குக் கொண்டுபோய், கேள்விகளோடு திரும்பியவர் மனைவி எமிலி. கணக்கும் கம்பியின் பலமும் அவரே கற்றுத் தேர்ந்தார்.

கம்பி சப்ளை செய்த ஹே என்பவர் தரங்கெட்ட சரக்கைத் தலையில் கட்டியது 1878-ல் அம்பலமானது. ஏற்கெனவே வடத்தில் சேர்ந்துவிட்டதைப் பிரிக்க முடியாது. வடம் ஒன்றுக்கு 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார் வாஷிங்டன். தேவையைப் போல ஆறு மடங்கு பலம் வைத்துக் கணக்கிட்டிருந்ததால் பாலம் தப்பித்தது.

1883 மே 24 அன்று பாலம் திறந்தது. ஜனாதிபதி ஆர்தர் அவர் வீட்டுக்கே போய்க் கைகுலுக்கினார். பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்ட மனிதர், குடும்பத்தில் இளையவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, 1921-ல் 84 வயதில் குடும்பத்தின் வடக் கம்பெனித் தலைமையை ஏற்று, 1926 வரை வாழ்ந்தார்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் தம்பி சார்லஸின் மகன். பெரியப்பாவின் பெயரையே தாங்கியவர். 1912 ஏப்ரலில் அவர் ஏறிய கப்பல் டைட்டானிக். அந்தக் கதை அடுத்த வாரம்.